அண்டாவும் பரம்பரைச் சொத்துதான்

பெயரிலேயே கோட்டையை வைத்துக்கொண்டிருக்கும் எலவனாசூர்கோட்டை, உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் போகிற சாலையில் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டுக் கர்நாடகப் போர்களில் பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் கோட்டைக்காக ரொம்ப மெனக்கெட்டிருக்கிறார்கள். இன்றைக்கு அங்கே மெனக்கெடுகிறவர்கள், கள்ளக்குறிச்சி பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பவர்கள்தான்.

நாம் பார்க்கப்போவது அந்தப் போரை அல்ல. பீரங்கியோ தளபதியோ இல்லாமல் ஏறத்தாழ நூறு வருஷம் நடந்த இன்னொரு போர். போர்க்களம், ஒரு வயசுக் குழந்தையின் வயிறு. எதிரி யாரென்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. இத்தனைக்கும் எதிரி ஒளிந்துகூட இருக்கவில்லை. புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று சமையல்கட்டு அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

1950களில் எலவனாசூர்கோட்டையில் கொஞ்சம் வசதியான ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நஞ்சை உண்டு, மாடு உண்டு, திண்ணை உண்டு. பத்து மாசக் குழந்தை திடீரென்று சிடுசிடுக்கிறது, சாப்பிட மாட்டேன் என்கிறது. வயிறு உப்பிக்கொண்டே போகிறது. தொட்டுப் பார்த்தால் வலப்பக்கம் விலாவுக்குக் கீழே கல் மாதிரி ஏதோ தட்டுகிறது. ஊர் வாய் உடனே தீர்ப்பு எழுதிவிடும். மாந்தம் என்பார் ஒருவர், பட்சி தோஷம் என்பார் இன்னொருவர். 'யாரோ கண்ணு வெச்சுட்டாங்க' என்பார் மூன்றாமவர், அவர் போன வாரம்தான் 'என்னமா கொழுக்குனு இருக்குது' என்று குழந்தையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனவர்.

இதற்கு எட்டு மாசம் முன்னாலேயே வீட்டுக்குள் ஒரு மாநாடு நடந்து முடிந்திருக்கும். "உம் பாலு தண்ணியாட்டம் இருக்குதும்மா. பசும்பாலு குடு, புள்ள தேறிக்கும்" என்பார் மாமியார். "சரிங்கத்தை" என்பாள் மருமகள். மாநாட்டின் மொத்த விவாதமும் அவ்வளவுதான். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது என்று வரலாறு குறித்துக்கொள்ளும்.

சிரித்துக்கொண்டே போனாலும் இதைச் சொல்லாமல் போக முடியாது. இந்த நோய் வந்த குழந்தைகளில் பெரும்பாலானவை பிழைக்கவில்லை. காமாலை கண்டு, வயிற்றில் நீர் கோத்து, சில மாதங்களில் முடிந்துவிடும். ஒரே வீட்டில் இரண்டு, மூன்று என்று வரிசையாகப் பறிகொடுத்தவர்கள் உண்டு. அந்தத் தாய்மாரைப் பார்த்து யாரும் சிரிக்கப்போவதில்லை. நாம் சிரிக்கப்போவது காரணம் கண்டுபிடிக்கக் கிளம்பிய மேதைகளைப் பார்த்து, அதுவும் கொஞ்சம் பாசத்தோடு.

முதலில் மணி அடித்தது கல்கத்தா. 1887இல் சென் என்ற டாக்டர், குழந்தைகளுக்கு வரும் இந்த விசித்திரமான ஈரல் நோயைப் பற்றி எழுதினார். அடுத்த சில வருஷங்களில் கிப்பன்ஸ் என்ற வெள்ளைக்கார டாக்டர் இன்னும் விரிவாக எழுதினார். நோய்க்கு 'இன்ஃபன்டைல் பிலியரி சிரோசிஸ்' என்று கம்பீரமாக ஒரு பெயர் கிடைத்தது. பிற்பாடு அதை 'இந்தியன் சைல்ட்ஹுட் சிரோசிஸ்' என்று மாற்றினார்கள். காரணம் தெரியாவிட்டால் என்ன, அட்ரஸ் தெரிந்துவிட்டதே!

மெட்ராஸ் மட்டும் சும்மா இருக்குமா? 1930களில் டி.எஸ். திருமூர்த்தியும் எம்.வி. ராதாகிருஷ்ண ராவும் இறந்த குழந்தைகளின் ஈரலை மைக்ராஸ்கோப்பில் வைத்து இஞ்ச் இஞ்சாக அலசினார்கள். 1955இல் ஐ.சி.எம்.ஆர். அமைத்த துணைக்குழு அறிக்கை கொடுத்தது. 1960இல் எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியின் ஜாம்பவான்கள் எஸ்.டி. ஆச்சாரும் பாலகோபால் ராஜுவும், ஸ்ரீராமாச்சாரியோடு சேர்ந்து, அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் பெரிய கட்டுரையே எழுதினார்கள். ஈரலின் விளிம்பு இலை மாதிரிக் கூர்மையாகக் கையில் தட்டுவது வரை வர்ணனை அவ்வளவு துல்லியம். கொலை நடந்த வீட்டை இவ்வளவு அழகாக வரைந்த போலீஸை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கொலைகாரன் மட்டும் படத்தில் இல்லை.

மைக்ராஸ்கோப் காட்டிய ஒரு காட்சி எல்லோரையும் தலைசுற்ற வைத்தது. இந்தக் குழந்தைகளின் ஈரல் செல்களுக்குள் 'மாலரி ஹயலின்' என்ற ஒருவகைப் படிவு மண்டிக் கிடந்தது. அதை மருத்துவர்கள் வேறு ஓர் இடத்தில் நன்றாகவே பார்த்துப் பழகியிருந்தார்கள். முப்பது வருஷம் விடாமல் குடித்த மொடாக்குடியர்களின் ஈரலில்! இங்கேயோ அது இருப்பது, வெங்காயம்கூடச் சேர்க்காத ஆசாரமான வீட்டில் பிறந்து, பால் தவிர வேறெதையும் குடித்தறியாத ஒரு வயசுப் பிள்ளையின் ஈரலில். பாலைச் சந்தேகப்பட அப்போதே ஒரு க்ளூ கிடைத்துவிட்டது என்று உங்களுக்கும் எனக்கும் தோன்றுகிறது. நாம் நிபுணர்கள் இல்லையே, அதனால்தான்.

நிபுணர்கள் புள்ளிவிவரம் எடுத்தார்கள். நோய் வந்தவர்கள் யார்? பெரும்பாலும் இந்துக் குழந்தைகள், அதிலும் நடுத்தர வர்க்கம். மெட்ராஸ் ராஜதானியில் பிராமண வீடுகள் தனியாகத் துருத்திக்கொண்டு தெரிந்தன. முஸ்லிம் வீடுகளில் அபூர்வம், ஐரோப்பியக் குழந்தைகளிடம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு வந்தது தம்பிக்கும் வந்தது. ஆஹா, அகப்பட்டது காரணம் என்று துள்ளினார்கள். பரம்பரை! ரத்தத்தில் ஓடுகிறது! அத்தை பெண், மாமன் மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொள்கிறார்கள், வராமல் என்ன செய்யும்?

பரம்பரையாக வருவது ரத்தம் மட்டும்தானா? பாட்டியின் குண்டான் அம்மாவுக்கு வருகிறது, அம்மாவின் அண்டா மகளுக்கு வருகிறது. அண்ணனுக்குப் பால் காய்ச்சிய அதே பாத்திரத்தில்தான் தம்பிக்கும் காய்ச்சுவார்கள். குடும்ப மரத்தை வேரோடு பிடுங்கி ஆராய்ந்த ஒருவரும் குடும்பப் பாத்திரத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அதில் தாத்தா பெயரே வெட்டியிருக்கும்.

ஆண் குழந்தைகளுக்கு அதிகம் வருகிறது என்றும் பதிவாகியிருக்கிறது. இதற்கும் ஆழமான உயிரியல் காரணங்கள் தேடப்பட்டன. என் சிற்றறிவுக்கு எட்டிய காரணம் வேறு. நம் வீடுகளில் ஆசை ஆசையாகப் பசும்பால் புகட்டப்பட்டது எந்தக் குழந்தைக்கு? உடம்பு சரியில்லை என்றதும் மாட்டு வண்டி பூட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது எந்தக் குழந்தையை? ஆஸ்பத்திரி ரிஜிஸ்டர் நோயை மட்டும் கணக்கெடுப்பதில்லை, ஓரவஞ்சனையையும் சேர்த்துத்தான் எழுதிக்கொள்கிறது.

சத்துக் குறைவு என்று ஒரு கட்சி கிளம்பியது. ஏழைக் குழந்தைகளை விட்டுவிட்டு நெய்யும் பாலுமாக வளர்கிற குழந்தைகளைத் தேடிப் பிடிக்கும் சத்துக் குறைவை உலகம் அதற்குமுன் கண்டதில்லை. கட்சி கலைந்தது. நெய்யும் சர்க்கரையும் அதிகமாகிவிட்டது என்று எதிர்க்கட்சி வந்தது. அதுவும் டெபாசிட் இழந்தது. வைரஸ் என்றார்கள், அதைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சி எதைத் தின்றாள் என்று தோண்டித் துருவினார்கள். விசாரணைக் கமிஷன் எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் சம்மன் போவது அம்மாவுக்குத்தான்.

அப்புறம் பழி விழுந்தது நம்ம ஊர் மல்லாட்டை மேல். (நிலக்கடலை என்றால்தான் புரியும் என்கிற வாசகர்கள் ஒருமுறை விழுப்புரம் தாண்டி வந்து செல்லவும்.) 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் பொத்துப் பொத்தென்று செத்து விழுந்தன. துப்புத் துலக்கினால், தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை பிடித்து, 'அஃப்ளடாக்சின்' என்ற விஷம் உண்டாகியிருந்தது. அது நேராக ஈரலைத் தாக்குகிற விஷம். அவ்வளவுதான், இந்தியக் குழந்தைகளின் ஈரலுக்கும் அதுவே காரணமாக இருக்கலாமே என்று மைசூரில் ஆராய்ச்சி நடந்தது. வான்கோழியின் போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு, பல்லே முளைக்காத குழந்தை கடலை தின்றதா என்று விசாரிப்பதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும்.

இத்தனை குழப்பத்திலும் நிதானமாக இருந்தது ஒரே ஒரு பாட்டில். மெட்ராஸ் ராயப்பேட்டையிலிருந்து வந்த ஜம்மியின் லிவர் கியூர். ஜம்மி வெங்கடரமணய்யாவின் பெயர், அன்றைய தாய்மார்களுக்கு சாமி படத்துக்கு அடுத்த இடத்தில் இருந்தது. பழைய பத்திரிகைகளைப் புரட்டினால் தொடர்கதைக்குப் பக்கத்திலேயே அந்த விளம்பரம் உட்கார்ந்திருக்கும். பெரிய டாக்டர்கள் லத்தீன் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், 'உங்கள் குழந்தைக்கு ஈரல் வீக்கமா?' என்று தமிழில் கேட்டது அவர் ஒருவர்தான். கேட்டாலே பாதி பாரம் இறங்கிவிடும். மீதிப் பாதிக்குத்தான் பாட்டில்.

சரி, அலமாரிக்கு வருவோம்.

பித்தளை என்றால் நமக்கு வெறும் பாத்திரமில்லை, அந்தஸ்து. கல்யாணத்தில் சீர் என்று வந்து இறங்கும்போது தவலை, அண்டா, அடுக்கு, குண்டான், சொம்பு என்று வாசலிலேயே வரிசை கட்டி நிற்கும். பெண்ணைப் பார்க்க வந்தவர்கள் முதலில் அதைத்தான் எண்ணுவார்கள். ஒவ்வொன்றிலும் கொடுத்தவர் பெயர், வருஷம் எல்லாம் புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருக்கும். மண்பாண்டம் தீட்டுப் பட்டால் உடைத்துப் போட வேண்டியதுதான். பித்தளைக்கு அந்தக் கவலையில்லை, புளி போட்டுத் தேய்த்தால் புனிதமாகிவிடும். அலுமினியம் ஏழை வீட்டுச் சமாசாரம், எனாமல் வெள்ளைக்காரன் சமாசாரம். ஆக, ஆசாரமும் வசதியும் எங்கே கூடுதலோ அங்கே பித்தளையும் கூடுதல். நோயின் மேப்பும் பித்தளையின் மேப்பும் ஒன்றாக இருந்தன. ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை, பெரும்பங்கு செம்பு. இது நம் முன்னோருக்குத் தெரியாமல் இல்லை. பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பேறிப் பச்சையாகிவிடும் என்று எந்தக் கிழவியும் சொல்லுவார். அதற்காகத்தானே ஈயம் பூசினார்கள்!

ஈயம் பூசுகிறவர் வேலை செய்வதை நின்று பார்த்தவர்கள் பாக்கியசாலிகள். தெருவோரமாக மண்ணில் ஒரு குழி பறித்து, கரியைப் போட்டு, தோல் துருத்தியை மிதிப்பார் அல்லது அமுக்குவார். தணல் சிவந்ததும் பாத்திரத்தைக் கவிழ்த்துச் சூடேற்றுவார். உள்ளே நவச்சாரத் தூளைத் தூவித் துணியால் தேய்க்க, மூக்கைத் துளைக்கிற வெள்ளைப் புகை குபீரென்று எழும். அந்தப் புகை அடங்குவதற்குள் வெள்ளீயக் கம்பியை ஒரு தொடு தொட்டு, துணியை ஒரு சுழற்று. அழுக்கு மஞ்சளாக இருந்த வயிறு, கண்ணெதிரே வெள்ளி நிலாவாக மாறிவிடும். கடைசியில் தண்ணீரில் 'சொய்ங்' என்று ஒரு முக்கு. கட்டணம் இல்லாத மேஜிக் ஷோ. கட்டணம் பாத்திரத்தின் சொந்தக்காரருக்கு மட்டும்தான்.

சிக்கல் அந்தக் கட்டணத்தில்தான். ஈயம் தேயும், மறுபடி பூச வேண்டும். 'இந்த மாசம் வேணாம், அறுப்பு முடியட்டும்' என்று வீட்டுக்காரர் தள்ளிப்போடுவார். வீட்டுக்காரியோ தினமும் புளியும் செங்கல் பொடியும் போட்டு உள்ளும் புறமும் பளபளக்கத் தேய்ப்பாள். மிச்சசொச்ச ஈயமும் கழுவுநீரோடு போய் வாழைக்குப் பாயும். ஒருவர் கஞ்சத்தனம், இன்னொருவர் சுத்தம். இரண்டு நற்குணங்களும் கைகோத்துக்கொண்டு செம்பை வெளியே கொண்டுவந்துவிட்டன.

முஸ்லிம் வீடுகளில் நோய் ஏன் அபூர்வம் என்பதற்கும் இங்கேயே ஓர் ஊகம் நடமாடுகிறது. பிரியாணி தேக்சாவுக்குள் எட்டிப் பாருங்கள், வெள்ளை வெளேரென்று ஈயம் பூசியிருக்கும். அதில் அவர்கள் சமரசம் செய்துகொள்வதில்லை.

ஈயம் போன குண்டானில் பாலை ஊற்றிக் காய்ச்சி, நாள் முழுக்க அதிலேயே வைத்திருந்தால் என்ன ஆகும்? பாலில் இருக்கும் கேசின் என்ற புரதம், செம்பைக் கண்டால் விடாது, அப்படியே கட்டிப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் இந்த வேலையை இவ்வளவு ஆர்வமாகச் செய்வதில்லை. பாலோ கூச்சமே படாமல் செம்பைச் சுமந்துகொண்டு குழந்தையின் வயிற்றுக்குள் போகும். பெரியவர்களின் உடம்பு வேண்டாத செம்பைப் பித்தநீர் வழியாக வெளியே தள்ளிவிடும். பச்சைக் குழந்தையின் ஈரலுக்கு அந்தச் சாமர்த்தியம் இன்னும் வந்திருக்காது. போதாக்குறைக்கு, பிறக்கும்போதே அது கையிருப்பாக நிறையச் செம்பை வைத்துக்கொண்டுதான் பிறக்கிறது. தாய்ப்பாலில் செம்பு கொஞ்சம்தான் என்பதால் கணக்கு சரியாகிவிடும். 'தண்ணியாட்டம் இருக்குது' என்று மாமியார் சான்றிதழ் கொடுத்த அதே பால்!

இந்தச் செம்பைக் கண்டுபிடித்த கதையும் நேர்வழியில் நடந்ததல்ல. ஆர்சீன் என்று ஊதாச் சிவப்பில் ஒரு சாயம் உண்டு. 1974இல் ஷிகாட்டா என்ற ஜப்பானியர், இதைப் போட்டால் ஈரலில் ஹெபடைடிஸ் பி வைரஸின் தடயம் தெரிகிறது என்று காட்ட, ஈரல் நிபுணர்கள் எல்லோர் மேஜையிலும் ஆர்சீன் பாட்டில் ஏறியது. அந்தச் சாயத்துக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. செம்பைக் கட்டி வைத்திருக்கும் புரதத்தையும் அது கரும்பழுப்பாகக் காட்டிக்கொடுத்துவிடும். 1978இல் லண்டனில் போர்ட்மன் குழுவினர் இந்தியக் குழந்தைகளின் ஈரலில் அதைப் போட்டுப் பார்த்தபோது, செல்லுக்குச் செல் கரும்பழுப்பு மணிகள்!

1979இல் ஹான்ஸ் பாப்பர் உள்ளே நுழைகிறார். வியன்னாவில் பிறந்து, ஹிட்லருக்குத் தப்பி அமெரிக்கா போனவர். ஈரல் என்ற சாம்ராஜ்யத்துக்கே சக்கரவர்த்தி. அவரும், செம்பு நோய்களில் கரைகண்ட ஸ்டெர்ன்லீபும், நம் நாட்டு நாயக்கும் மற்றவர்களும் சேர்ந்து, இந்தக் குழந்தைகளின் ஈரல் செல்களில் செம்பு குவிந்து கிடக்கிறது என்று எழுதினார்கள். அதே வருஷம் ஸ்டூவர்ட் டானர் என்ற இங்கிலாந்துக் குழந்தை டாக்டரின் குழு, அளந்தே பார்த்துவிட்டது. உலர்ந்த ஈரலில் கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டிய செம்பு, இங்கே பல நூறைத் தாண்டி ஆயிரக்கணக்கில் நின்றது. 92 வருஷமாக ஈரலைச் செல் செல்லாக வர்ணித்தவர்கள், அதற்குள் ஒரு பாத்திரக் கடையே இருந்ததைக் கவனிக்கவில்லை.

செம்பு ஈரலுக்குள் இருக்கிறது, சரி. எப்படி உள்ளே போனது? இதற்கு மைக்ராஸ்கோப் உதவாது. வீட்டுக்குப் போய்ச் சமையல்கட்டில் எட்டிப்பார்க்க வேண்டும். அந்த அவமானகரமான காரியத்தைச் செய்தவர்கள் புனே கே.இ.எம். ஆஸ்பத்திரியின் ஆனந்த் பண்டிட், ஷீலா பாவே, அவர்களோடு டானர். 'குழந்தைக்கு என்ன கொடுத்தீர்கள்?' என்று எல்லோரும் கேட்ட கேள்வியோடு நிற்காமல், 'எதில் காய்ச்சிக் கொடுத்தீர்கள்?' என்று கேட்டார்கள். 1983இல் லான்செட் மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. சீக்கிரமே தாய்ப்பாலைக் குறைத்து, பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சி வைத்த மாட்டுப்பாலைப் புகட்டியதுதான் காரணமாக இருக்கலாம் என்றார்கள். நோய் வந்த குழந்தைகளையும் வராத குழந்தைகளையும் ஜோடி ஜோடியாக ஒப்பிட்டு 1987இல் இன்னொரு கட்டுரை. அதிலும் மாட்டிக்கொண்டது குண்டான்தான். நூறு வருஷத்து மர்மத்துக்கு விடை சொன்னது, புதுப் பாத்திரம் வாங்கும்போது மாமியார் கேட்கிற கேள்வி.

புனே குழுவினர் அதோடு விடவில்லை. செம்பைப் பிடித்து இழுத்துச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் பெனிசிலமின் மருந்தை ஆரம்ப நிலையிலேயே கொடுத்து, குழந்தைகளைப் பிழைக்கவும் வைத்தார்கள். கூடவே வீடு வீடாகப் போய், பாலை வேறு பாத்திரத்தில் காய்ச்சச் சொன்னார்கள். அங்கே நோய் மளமளவென்று இறங்கியது.

'அது சரி, இந்தியாவுக்கே உரிய நோயாச்சே, ரத்தத்தில் ஓடுகிற நோயாச்சே' என்று இழுத்தவர்களுக்கு 1996இல் ஆல்ப்ஸ் மலையிலிருந்து ஓர் ஓலை வந்தது. ஆஸ்திரியாவின் டிரோல் பகுதியில் 1900க்கும் 1974க்கும் நடுவே 138 குழந்தைகள் அச்சு அசலாக இதே நோயில் இறந்திருந்தார்கள். அங்கே கோத்திரம் இல்லை, மாமன் மகள் முறை இல்லை, மல்லாட்டையும் இல்லை. இருந்தது, ஈயம் பூசாத செம்புச் சட்டியில் பசும்பாலைக் காய்ச்சுகிற வழக்கம். சட்டியை மாற்றினார்கள், நோய் போய்விட்டது. இத்தனை வருஷமும் அது 'இந்திய' நோய் என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு நம் வீட்டு வாசலில் நின்றிருக்கிறது.

ஆனாலும் இந்தியாவில் நோயை விரட்டிய பெருமை முழுவதையும் டாக்டர்களுக்கே கொடுத்துவிட முடியாது. இங்கேதான் கதையின் உண்மையான ஹீரோ தலையில் கூடையோடு வருகிறார். "பழைய பித்தளை, பழைய வெண்கலத்துக்கு எவர்சில்வர் பாத்திரமே..."

எவர்சில்வரின் ஜாதகத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி என்பவர், சுடச்சுடத் தேயாத துப்பாக்கிக் குழல் செய்வதற்காக இரும்பில் குரோமியம் கலந்து பார்த்துக்கொண்டிருந்தார். துப்பாக்கிக் குழல் எப்படியோ, துருப்பிடிக்காத எஃகு கிடைத்தது. மனிதரைச் சுடக் கிளம்பிய உலோகம் கடைசியில் குழந்தைக்குப் பால் காய்ச்சியது. நம் டானரும் பிற்காலத்தில் பேராசிரியராகப் போய் உட்கார்ந்தது அதே ஷெஃபீல்டில்தான். கதாசிரியர் யாராவது இப்படி எழுதியிருந்தால் 'ரொம்ப சினிமாத்தனம்' என்று திட்டியிருப்போம்.

எலவனாசூர்கோட்டை வழியாகப் போகிற சாலை முடிகிற சேலத்தில், 1981இல் உருக்காலை உற்பத்தியைத் தொடங்கியது. சேலம் ஸ்டெயின்லெஸ் என்றால் தனி மவுசு. தேய்க்கப் புளி வேண்டாம், பூச ஈயம் வேண்டாம், பளபளப்புக்குப் பளபளப்பு. எதிர்வீட்டுக்காரி எவர்சில்வர் குடம் வாங்கிவிட்டால் இந்த வீட்டுக்காரிக்குத் தூக்கம் வருமா? மூன்று தலைமுறையாக வந்த குண்டானை, தாத்தா பெயரோடு சேர்த்துத் தராசில் போட்டு, ரெண்டு டபராவும் ஒரு டிபன் கேரியரும் வாங்கிக்கொண்டாள். லான்செட்டை அவள் படிக்கவில்லை. எடையில் ஏமாற்றிவிட்டான் என்று கூடைக்காரனைத் தெரு முனை வரை திட்டிக்கொண்டே போனாள். அந்தப் பேரத்தில் தன் பேரனுக்கு என்ன கிடைத்தது என்று அவளுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.

1990களுக்குள் இந்த நோய் இந்தியாவில் தேடினாலும் கிடைக்காத அளவுக்கு அருகிவிட்டது. கூடைக்காரருக்கு யாரும் பத்மஸ்ரீ கொடுக்கவில்லை. அவர் பெயரை வெட்ட ஒரு பாத்திரம்கூட மிஞ்சவில்லை.

தராசில் ஏறிய அதே செம்பு இப்போது ஆன்லைனில் அழகான பாட்டிலாகத் திரும்பி வந்திருக்கிறது. 'முன்னோர்கள் முட்டாள்களல்ல' என்று வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் வரும், கூடவே டிஸ்கவுண்ட் லிங்க்கும் வரும். அந்த முன்னோர்கள்தான் ஈயம் பூசினார்கள் என்பது மெசேஜில் இருக்காது. பெரியவர்கள் அதில் தண்ணீர் குடித்துவிட்டுப் போகட்டும், தண்ணீருக்கும் பாலுக்கும் உள்ள வித்தியாசத்தை மேலேயே பார்த்தோம். ஆனால் 'பாப்பாவுக்கும் பாலை இதிலேயே காய்ச்சுங்க, பாரம்பரியம்' என்று யாராவது ரீல்ஸ் போட்டால், அந்த ஆளுக்கு லான்செட்டின் 1983ஆம் வருஷத்துப் பிரதி ஒன்றை, பைண்ட் செய்து, கொஞ்சம் தூரத்திலிருந்து தலையைப் பார்த்து எறியலாம் என்பது என் தனிப்பட்ட கருத்து.

கேஸ் முடிந்தது, கலையலாம் என்று எழுந்திருக்கிறீர்களா? உட்காருங்கள், அப்பீல் இருக்கிறது. பித்தளைக் குண்டான் இருந்த எல்லா வீட்டிலும் நோய் வரவில்லையே, ஏன்? ஏதோ பிறவிப் பலவீனமும் கூட இருந்தால்தான் செம்பு வேலையைக் காட்டும் என்று டிரோல் ஆராய்ச்சியாளர்களே சொன்னார்கள். ஆக, நாம் இவ்வளவு நேரம் ஓட்டித் தள்ளிய 'பரம்பரை' கட்சிக்கும் சபையில் ஓர் ஓரமாக நாற்காலி போடவேண்டியிருக்கிறது. அது போதாதென்று, 1979இல் பாப்பரோடு சேர்ந்து செம்பைப் பற்றி எழுதிய அதே நாயக், 2013இல் இன்னொருவரோடு சேர்ந்து நீளமாக ஒரு கட்டுரை எழுதி, வெளியிலிருந்து போன செம்புதான் காரணம் என்பது இன்னும் நிரூபணமாகவில்லை என்று வாதாடினார். சாட்சி கூண்டிலிருந்து இறங்கி நேராக எதிர்த்தரப்பு வக்கீல் ஆசனத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

இரண்டில் எது சரி என்று பார்த்துவிட வேண்டுமென்றால், நோயுள்ள குழந்தைகள் நாலு பேர் வேண்டும். ஒரு குழந்தையும் சிக்குவதில்லை. எல்லார் வீட்டிலும் எவர்சில்வர் குண்டானில் பால் பொங்கிக்கொண்டிருக்கிறது. இதில் வருத்தப்படக்கூடிய ஒரே கூட்டம் ஆராய்ச்சியாளர்கள்தான். நல்ல மனுஷர்கள், வெளியில் சொல்லிக்கொள்வதில்லை.